சமுதாயக் கல்லூரிப் படிப்பும் உற்பத்தித் துறைத் திறன் சான்றிதழும்

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இரண்டு ஆண்டு இணைப் பட்டமோ, அதைவிடக் குறுகிய காலத் தொழிற்சான்றிதழோ பெறப் பயிலும் உயர்கல்வி நிறுவனம் ஆகும். 1901இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஜோலியட் ஜூனியர் கல்லூரி இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டிலும் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் வழக்கில் உண்டு. ஆனால் அமெரிக்கக் கல்லூரியின் அளவும் பொறுப்பும் வேறு. ஐ.டி.ஐ.யின் வேலை, பாலிடெக்னிக்கின் வேலை, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனம் நடத்துவதாக எண்ணிக்கொண்டால் அது எளிதில் விளங்கும்.

இக்கல்லூரிகளின் தொழிற்பாடங்களை, தொழில்துறை அமைப்புகள் நடத்தும் திறன் தேர்வுகளுக்குப் பொருந்துமாறு அமைப்பதே இக்கட்டுரையின் பொருள். பாடத்தின் முடிவில் ஒரு தேர்வைச் சேர்ப்பது போன்ற சிறிய வேலையாக இது தோன்றலாம். உண்மையில் பாடம், பட்டறை, மதிப்பெண், கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் இது தொடுகிறது.

சான்றிதழ் வெளியிலிருந்து வருவது ஏன்?

ஜெர்மனியில் ஒவ்வொரு தொழிலுக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான பயிற்சி விதிமுறை உண்டு. இறுதித் தேர்வைத் தொழில், வணிகக் கழகங்கள் நடத்துகின்றன. இந்தியாவில் ஐ.டி.ஐ. மாணவர்கள் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுகிறார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொதுத் தேர்வு இல்லை. எதைக் கற்பிப்பது என்பதை மாநிலமும் கல்லூரியுமே தீர்மானிக்கின்றன. ஆகவே அடுத்தடுத்த இரு மாவட்டங்களின் கல்லூரிகளில் ஒரே பெயர் கொண்ட பாடம் நடக்கலாம்; ஒன்றில் மாணவர் பெரும்பாலான நேரம் லேத்தில் நின்றிருப்பார், மற்றொன்றில் கணினித் திரையில் மட்டுமே பழகியிருப்பார். வேலைக்கு ஆள் எடுக்கும் மேற்பார்வையாளருக்கு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இந்த வேறுபாடு தெரியாது.

இந்த இடைவெளியைத் தொழில்துறை அமைப்புகள் நிரப்பின. உலோக வேலைத் திறன்களுக்கான தேசிய நிறுவனம் (நிம்ஸ்) 1995இல் தோன்றியது. 1994இல் இயற்றப்பட்ட தேசியத் திறன் தர நிர்ணயச் சட்டம் தனி வாரியம் ஒன்றை அமைத்தது, அதன் தொடர்ச்சியாக உற்பத்தித் திறன் தர நிர்ணயக் குழு (எம்.எஸ்.எஸ்.சி.) 1998இல் உருவாயிற்று. வாரியம் பின்னர் மறைந்துவிட்டது. குழுவின் தேர்வுகள் நிலைத்தன. அமெரிக்க வெல்டிங் சங்கம் இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1919இல் நிறுவப்பட்டது.

தனித்தனியாக நின்ற இந்தச் சான்றிதழ்களை, தேசிய உற்பத்தியாளர் சங்கத்தைச் சேர்ந்த உற்பத்தி நிறுவனம் என்ற அமைப்பு 2009இல் ஒரே ஏணியாக அடுக்கிக் காட்டியது. அடிப்படியில், ஏ.சி.டி. என்ற தேர்வு நிறுவனம் வழங்கும் தேசியத் தொழில் ஆயத்தச் சான்றிதழ். வேலையிடக் கணக்கு, வாசிப்பு, வரைபடம் பார்த்துத் தகவல் அறிதல் ஆகியவற்றைச் சோதிப்பது. அதற்கு மேல் எம்.எஸ்.எஸ்.சி.யின் உற்பத்தித் தொழில்நுட்பர் சான்றிதழ். பாதுகாப்பு, தரமும் அளவீடும், உற்பத்தி முறைகள், பராமரிப்பு என நான்கு பகுதிகள் கொண்டது. மேற்படிகளில் நிம்ஸ், வெல்டிங் சங்கம் முதலியவற்றின் தொழில்சார் சான்றிதழ்கள். 2011 ஜூன் 8 அன்று அதிபர் ஒபாமா வடக்கு வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியில் பேசியபோது, ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் இத்தகைய சான்றிதழ்களைப் பெறச் செய்வது இலக்கு என அறிவிக்கப்பட்டது.

மதிப்பெண்ணும் 'ஜாப்'பும்

இசைவித்தல் எங்கே கடினமாகிறது என்பதை நிம்ஸ் தேர்வைக் கொண்டு பார்க்கலாம். முதல் நிலையில் அளவீடு, மில்லிங், துளையிடல், லேத் வேலை, மேற்பரப்பு அரைத்தல், கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் இயக்குதல் எனத் தனித்தனிச் சான்றிதழ்கள் உள்ளன. இயந்திர வேலைகளில் எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. மாணவரிடம் ஒரு வரைபடம் தரப்படும். அதைப் பார்த்து அவர் ஒரு பாகத்தைச் செய்து முடிக்க வேண்டும். பட்டறை மொழியில் சொன்னால் ஒரு 'ஜாப்'. அதைத் தொழில் அறிந்தவர்கள் அளந்து பார்ப்பார்கள். வரைபடத்தில் குறித்த ஒவ்வோர் அளவும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பாகம் தேறாது.

கல்லூரி மதிப்பெண் முறை இதற்கு நேர் எதிரானது. பத்து அளவில் ஒன்பது சரியாக இருந்தால் வகுப்பறையில் தொண்ணூறு மதிப்பெண். மாணவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். தொழிற்சாலையில் அதே பாகம் கழிவுத் தொட்டிக்குப் போகும். துளை சற்றே பெரிதாகிவிட்ட பாகத்தில் மற்ற ஒன்பது அளவுகளின் அழகை யாரும் பார்ப்பதில்லை.

எனவே தேர்வுக்கு இசைய விரும்பும் கல்லூரி பாடத்தைப் பின்னாலிருந்து அமைக்க வேண்டியிருக்கிறது. தேர்வுப் பாகத்தை எடுத்து, அதைச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் எனப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தப் பாடத்தின் எந்த வாரத்தில் கற்பிக்கப்படுகிறது என அட்டவணை போடுவார்கள். இரண்டு வகைக் குறைகள் அப்போது வெளிப்படும். தேர்வு கேட்கும் சில திறன்களை எந்தப் பாடமும் கற்பிக்காமல் இருக்கும். சிலவற்றை மூன்று பாடங்கள் திரும்பத் திரும்பக் கற்பிக்கும். மைக்ரோமீட்டர் பிடித்து நம்பகமாக அளக்கும் பழக்கம் முதல் வகையில் சேர்வதற்கு எளிதில் இடமுண்டு. அதை எல்லோரும் முந்தைய ஆசிரியர் கற்பித்திருப்பார் என்று எண்ணிவிடுவார்கள். அட்டவணையைத் தாளில் முடித்துவிடலாம். இயந்திரத்தில் நிற்கும் மணிநேரத்தைக் கூட்டுவதற்குத்தான் பணம் வேண்டும்.

வெல்டிங் இன்னொரு பாடம் புகட்டுகிறது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் வெல்டர் சான்றிதழுக்குப் படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் வெல்டிங் செய்து காட்ட வேண்டும். இணைப்பு பரிசோதனையில் தேற வேண்டும். பத்து ஆண்டுகளாகப் பட்டறையில் உழைத்த ஒருவர் வகுப்புக்கே போகாமல் தேறலாம். இரண்டு ஆண்டு படித்தவர் தவறலாம். சான்றிதழைத் தக்கவைக்க, தொடர்ந்து வெல்டிங் செய்துவருவதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். பட்டத்துக்குக் காலாவதி கிடையாது. கைத்திறனுக்கு உண்டு என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது. அந்தப் பத்தாண்டுத் தொழிலாளி பின்னர் கல்லூரியில் சேர்ந்தால், சான்றிதழைப் பார்த்துத் தொடக்கப் பாடங்களுக்கு அவருக்கு மதிப்பலகு தரும் கல்லூரிதான் முழுமையாக இசைந்த கல்லூரி. இந்த எதிர்த்திசைப் பாதை பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கல்லூரிக்குள் ஒரு சுவர்

பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று மதிப்பலகு உள்ள பட்டப் படிப்பு. மற்றொன்று மதிப்பலகு இல்லாத வேலைவாய்ப்புப் பயிற்சி. புதிய பாடத்தைப் பட்டப் படிப்பில் சேர்க்கப் பாடத்திட்டக் குழு, மாநில ஒப்புதல் எனப் படிகள் பல. பயிற்சிப் பிரிவில் சில வாரங்களில் வகுப்பைத் தொடங்கிவிடலாம். அதனால் சான்றிதழ் வகுப்புகள் அந்தப் பக்கமே சாய்ந்தன.

இதன் செலவை மாணவரே ஏற்கிறார். எட்டு வாரம் பயின்று எம்.எஸ்.எஸ்.சி. சான்றிதழ் பெற்ற ஒருவர் அடுத்த ஆண்டு இணைப் பட்டத்தில் சேர்ந்தால், அதே பாதுகாப்புப் பாடத்தையும் அளவீட்டுப் பாடத்தையும் மீண்டும் கட்டணம் செலுத்திப் படிக்க நேரலாம். வறிய மாணவருக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் நெடுங்காலமாகக் குறைந்தது 15 வாரமும் 600 மணிநேரமும் கொண்ட படிப்புகளுக்கே பொதுவாகக் கிடைத்துவந்தது. அதாவது, குறுகிய பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவரே கைப்பணம் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத்தக்க சான்றிதழ் என்ற கருத்து இதற்கு மாற்றாக வந்தது: சிறு சான்றிதழ் ஓராண்டுச் சான்றிதழிலும், அது இணைப் பட்டத்திலும் அடங்க வேண்டும். 2011 முதல் 2014 வரை நான்கு சுற்றுகளாகச் சுமார் 190 கோடி டாலர் வழங்கிய மத்தியத் தொழிலாளர் துறையின் மானியத் திட்டம் இத்தகைய அடுக்குகளை ஊக்குவித்தது.

வேலை தருபவர்

கல்லூரி எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். ஊரிலுள்ள தொழிற்சாலைகள் அந்தச் சான்றிதழைக் கேட்கின்றனவா? சங்கம் தலைநகரில் ஒப்புதல் தந்தாலும், ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறையின் உரிமையாளர் அதன் பெயரையே கேள்விப்படாதவராக இருக்கலாம். விளம்பரத்தில் 'மூன்று ஆண்டு அனுபவம்' என்று போட்டுவிட்டு, வந்தவரை இயந்திரத்தின் முன் நிறுத்திப் பார்ப்பது அவர் பழக்கம். அப்படியிருக்கையில் தேர்வுக் கட்டணம் மாணவருக்கு வீண். எந்தச் சான்றிதழ் இருந்தால் நேர்முகத்துக்கு அழைப்பார்கள், எவ்வளவு கூடுதல் கூலி தருவார்கள் என்று முதலாளிகளிடம் முன்கூட்டியே எழுதி வாங்கும் கல்லூரிகளே புத்திசாலித்தனமானவை என்று சொல்லலாம்.

கென்டக்கியில் 2010இல் டொயோட்டா நிறுவனமும் புளூகிராஸ் சமுதாய, தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து தொடங்கிய 'ஃபேம்' திட்டம் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது. மாணவர் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பிலும் மூன்று நாள் தொழிற்சாலையிலும் இருப்பார், கூலியும் உண்டு. வேலை தருபவர் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருப்பதால் சான்றிதழை அவருக்கு அறிமுகப்படுத்த வேண்டிய தேவை எழவில்லை. 2019இல் இத்திட்டத்தின் பொறுப்பை, முன்பு சான்றிதழ் ஏணியை அமைத்த அதே உற்பத்தி நிறுவனம் ஏற்றது. தொழிற்சாலை இல்லாத ஊரில் இந்த முறை நடவாது என்பது அதன் வரம்பு.

2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம், 8 முதல் 15 வாரத்துக்குள் முடியும் குறுகிய தொழிற்பயிற்சிகளுக்கும் 2026 ஜூலை 1 முதல் பெல் உதவித்தொகையைத் திறந்துவிடுகிறது. சேர்பவர்களில் 70 விழுக்காட்டினர் பயிற்சியை முடிக்க வேண்டும், 70 விழுக்காட்டினருக்கு வேலை கிடைக்க வேண்டும், பெறும் சான்றிதழ் மேற்படிப்பில் மதிப்பலகாக ஏற்கப்பட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் அடங்கும்.