மாமல்லபுரத்துல மழை வந்தா என்ன பண்றது?

ட்ரிப் ப்ளான் பண்ற எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே மாதிரி போட்டோதான் சுத்தும். நீல வானம், நீலக் கடல், நடுவுல கடற்கரைக் கோயில். போன நவம்பர்ல, இன்டர்னல்ஸ் முடிஞ்ச சனிக்கிழமை, நாங்க ஒன்பது பேரும் அந்தப் போட்டோவை நம்பித்தான் பஸ் ஏறினோம். கோவளம் தாண்டும்போது செம வெயில். மாமல்லபுரத்துல இறங்கி டீ சொன்னோம். டீ வர்றதுக்குள்ள மழை வந்துடுச்சு.

இதுல வானத்தைக் குறை சொல்ல முடியாது. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழை சீசன். சென்னைப் பக்கம் வருஷத்துல பெய்யிற மழையில பாதிக்கு மேல இந்த மூணு மாசத்துலதான் கொட்டுது. வங்கக் கடல்ல இருந்து மேகங்கள் பட்டை பட்டையா வரும். ஒரு பட்டை வந்தா மழை, அது கடந்துட்டா வெயில், அப்புறம் மறுபடியும் மழை. அதனால போன்ல காட்டுற சூரியன் சிம்பலை விட, வானிலை ஆய்வு மையத்தோட சென்னை ரேடார் படத்தைப் பாருங்க. அடுத்த பட்டை எங்க இருக்குன்னு அதுலயே தெரியும்.

சரி, மாட்டிக்கிட்டாச்சு. இப்ப எங்க போறது?

மழைக்கு ஒதுங்க ஒரு மலை

முதல்ல கிருஷ்ண மண்டபத்துக்கு ஓடுங்க. ரோட்டை ஒட்டியே இருக்கு. உள்ள பாறைச் சுவர்ல என்ன செதுக்கியிருக்காங்க தெரியுமா? இந்திரன் கோபத்துல விடாம மழையைக் கொட்ட, கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடிச்சு ஊர் மக்களையும் மாடுகளையும் காப்பாத்துற காட்சி. ஒருத்தர் பால் கறக்குறார், அந்தப் பசு தன் கன்னை நக்குது. ஒரு அம்மா தலையில பானைகளை அடுக்கி வெச்சிருக்காங்க. வெளிய அவ்வளவு மழை, உள்ள அவங்க பாட்டுக்கு வேலையைப் பார்க்குறாங்க.

பல்லவர் காலத்துல இது திறந்த வெளிச் சிற்பமாத்தான் இருந்துச்சு. முன்னாடி இருக்கிற தூண் மண்டபம் விஜயநகர காலத்துல சேர்த்தது. அதாவது, மழைக்கு ஒதுங்குறவங்களோட சிற்பத்துக்கே பல நூறு வருஷம் கழிச்சுத்தான் கூரை கிடைச்சுது. அந்தக் கூரைக்குக் கீழ நாங்களும் சொட்டச் சொட்ட ஒதுங்கி நின்னோம். வெயில் நாள்ல வந்திருந்தா ரெண்டு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பியிருப்போம்.

பக்கத்துலயே ஒரு ஆறு

மழை கொஞ்சம் குறைஞ்சதும் பக்கத்துல இருக்கிற அர்ச்சுனன் தபசுக்கு நடங்க. கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளப் பாறை, நடுவுல ஒரு பிளவு, அதுக்குள்ள நாகர்கள். இது அர்ச்சுனன் தவமா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையான்னு ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் விவாதம் இருக்கு. பாறைக்கு மேல தண்ணித் தொட்டி இருந்த தடயம் இருக்கிறதால, அந்தப் பிளவு வழியா தண்ணியை விழ வெச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க. அந்த எஃபெக்டைக் கற்பனை பண்ண மழை நாள்தான் கரெக்ட். கீழ, தவம் பண்ற பூனையைத் தேட மறக்காதீங்க. சுத்தி எலிங்க இருக்கும்.

இன்னும் பெய்யுதா? சிற்பப் பட்டறைகளுக்குப் போங்க. ஷெட்டுக்குள்ள உளிச் சத்தம் மழையிலயும் நிக்காது. கல்லைத் தட்டிப் பார்த்து, வர்ற சத்தத்தை வெச்சே தரம் பார்க்குறது சிற்பிகளோட பழைய வழக்கம். அதைத்தான் நாம 'நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங்'னு ஒரு யூனிட் முழுக்கப் படிக்கிறோம்.

வெண்ணெய் உருண்டைப் பாறையை மட்டும் தூரத்துல இருந்து பாருங்க. அந்தச் சரிவு நனைஞ்சா உராய்வு குறையும். 250 டன் பாறை அசையாது, நீங்கதான் சறுக்குவீங்க. இடி இடிச்சா அந்தத் திறந்த வெளிப் பக்கமே வேண்டாம்.

வெயில் வந்ததும்தான் ஆபத்து

மூணு மணிக்கு மழை நின்னு பளிச்சுன்னு வெயில். எங்க பசங்கள்ல ஒருத்தன், "இப்பவாச்சும் இறங்கலாம்டா"ன்னு சட்டையைக் கழட்டிட்டான். கரையில வலையை மடிச்சுக்கிட்டிருந்த ஒரு மீனவர் அண்ணன் நிமிர்ந்து கூடப் பார்க்காம, "தம்பி, நாங்களே இன்னிக்கிப் போகல" அப்படின்னார். அவ்வளவுதான். அவன் சட்டையை மறுபடி மாட்டிக்கிட்டான்.

அவர் சொன்னதை ரூமுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து செகண்டுக்கு ஒரு தடவை வர்ற அலைக்கூட்டம் ஆழ்கடல்ல மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்துல நகரும். 500 கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் சின்னம் கிளப்பின அலை நம்ம கரைக்கு வர கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஆகும். அதாவது தலைக்கு மேல இன்னிக்கு வெயில், கால்ல இடிக்கிறது நேத்தைய புயல்.

அலை கரையில தள்ளுற தண்ணி திரும்பிப் போகணும் இல்லையா? அது சில இடத்துல குறுகலான ஓட்டமா கடலுக்குள்ள இழுத்துட்டுப் போகும். பாறை, கல் தடுப்பு பக்கத்துல இது அதிகம். ரெண்டு பக்கமும் அலை உடைய, நடுவுல மட்டும் அமைதியாத் தெரியும். 'இங்க சேஃப்'னு நாம இறங்குறது அந்த இடத்துலதான். மாட்டினா கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்க. நீச்சல் தெரியாதுன்னா அன்னிக்குக் கடல் வேண்டாம். ஈ.சி.ஆர் கடல்ல மாணவர்கள் மூழ்கின செய்தியை நாம வருஷா வருஷம் படிக்கிறோம்.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்காய்ஸ் வெளியிடுற கடல் அலை எச்சரிக்கையை ஒரு தடவை பாருங்க. அது முடியலன்னா, கரையில படகு நிக்குதா போயிருக்கான்னு பாருங்க.

எங்க குரூப்ல அந்த நீலக் கடல் போட்டோ கடைசி வரைக்கும் வரல. கிருஷ்ண மண்டபத்துல ஒன்பது பேரும் நனைஞ்சு நிக்கிற போட்டோதான் இப்ப குரூப் டிபி. ஒன்பது பேரும் அதுல இருக்கோம்.