உள்ளங்கையில் ஒரு நட்சத்திரம்

பெல்லாரி கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823இல் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நாட்டுப் பள்ளிக்கூடங்கள் எப்படி நடக்கின்றன என்று கவர்னர் மன்றோ கேட்டிருந்ததற்குப் பதில் அது. ஐந்து வயதில் பள்ளியில் சேரும் பிள்ளைகள் காலையில் எப்படி வரவேற்கப்பட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு சுழி: புகழ்ச்சியும் கிடையாது, குறையும் கிடையாது. மூன்றாவது பிள்ளைக்கு மெதுவாக ஓர் அடி, நான்காவதற்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். முப்பது பேர் படிக்கும் பள்ளி என்றால் கடைசிப் பிள்ளைக்கு 28 அடி. படிக்காத பிள்ளையை இரண்டு கையையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அதே அறிக்கையில் வருகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்குக் கோதண்டம் என்று பெயர்.

அடிகளை எல்லாம் தாண்டி என் மனசில் நிற்பது சரஸ்வதி எழுதிய அந்த ஒரு கைதான். பிள்ளையைப் பாராட்டி வழிக்குக் கொண்டுவருவது நமக்கு என்றோ தெரிந்திருக்கிறது. தினமும் ஒரே ஒருவனுக்குத்தான் அது கிடைத்தது. பள்ளிக்கு அடுத்த வீட்டுப் பையனுக்கு அது எளிது. வாய்க்காலைத் தாண்டி வருகிறவன் எவ்வளவு ஓடி வந்தாலும் அடிதான்.

என் காலத்தில் கோதண்டம் இல்லை, பிரம்பு இருந்தது. சேர்க்க வந்த அப்பாக்கள் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை அன்பென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கையைக் கட்டு, வாயில் விரலை வை என்பதுதான் வகுப்பின் முதல் பாடம். பேசினவன் பெயர் போர்டில் ஏறியது. பேசாமல் இருந்தவன், பென்சில் இல்லாதவனுக்குத் தன் பென்சிலை உடைத்துப் பாதி கொடுத்தவன், இவர்கள் பெயர் எங்கேயும் ஏறவில்லை. டீச்சர் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது சேட்டை செய்தாக வேண்டும். நான் செய்திருக்கிறேன்.

இந்த வருடம் எங்கள் தெருப் பள்ளியின் யு.கே.ஜி. வகுப்பில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். "ஓடாதே" என்ற சொல்லே அந்த மிஸ் வாயில் வரவில்லை. "நடந்து வா கண்ணு" என்கிறார். மூலையில் இரண்டு பேர் கிளேயை எறிந்துகொண்டிருந்தார்கள். அங்கே போகாமல், பக்கத்தில் டப்பாவை மூடிக்கொண்டிருந்த சிறுமியிடம் குனிந்து, "கீழே விழுந்ததையும் பொறுக்கிப் போட்டுட்டியே!" என்றார். எறிந்த கைகள் தாமாகவே டப்பாவைத் தேடின. பிறகு அவர்களிடமும் போய் அதையே சொன்னார். நாலு வயதுக்கு வெள்ளிக்கிழமைப் பரிசு என்பது வெகு தூரம். செய்த கை ஈரம் காய்வதற்குள் சொல்ல வேண்டும். திட்டும் அந்த வயதில் ஒரு கவனிப்புதான். அதற்காகவே சேட்டை வளரும். இதைப் புரிந்துகொண்ட ஆசிரியைக்குப் பிரம்பு தேவைப்படுவதில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. மிகச் சிறியவர்கள் அதற்கு வெளியே நிற்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எல்லா மாற்றமும் நல்லதுக்கே என்று சொல்லிவிட மனம் வரவில்லை. பல வகுப்புச் சுவர்களில் ஸ்டார் சார்ட் தொங்குகிறது. ஒரு பெயருக்கு எதிரே பன்னிரண்டு ஸ்டார், இன்னொரு பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. அந்த வெற்றுக் கட்டத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளை, பெல்லாரியில் கடைசியாக வந்த பிள்ளைதான். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்னாலேயே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அவர்கள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை.

நான் பார்த்த வகுப்பில் சார்ட் இல்லை. மிஸ் பேனாவால் உள்ளங்கையில் ஒரு ஸ்டார் போடுகிறார், போடும்போதே எதற்கென்று சொல்கிறார். மதியம் ஒரு பையன் ஸ்டார் அழியக் கூடாதென்று இடது கையால் தயிர்சாதம் அள்ளிக்கொண்டிருந்தான். சாயங்காலம் கூட்டிப்போக வந்த பாட்டி கையை விரித்துப் பார்த்து, "எதுக்குடா ராஜா இது?" என்று கேட்டார்.

"தண்ணி குடிக்கிற இடத்துல தம்பியை முன்னாடி விட்டேன் பாட்டி."