யூனிட் கணக்கும் டன் கணக்கும்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கல் லாரி மோதி யாராவது விழுந்தால், அடுத்து நடப்பது ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்ட நாடகம். கூட்டம், மறியல், பேச்சுவார்த்தை. வண்டி காவல் நிலையம் போவதற்குள் சரக்கு வேறொரு வண்டிக்கு மாறிவிடும். "ஓட்டுநரின் அஜாக்கிரதை" என்று ஒரு வரியில் வழக்கு முடிகிறது. வண்டியில் எத்தனை டன் இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க நினைவு வரும் நாளில் எடை போடச் சரக்கு இல்லை.

கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், தளவாய் என்று சிமென்ட் ஆலைகள் வரிசை கட்டி நிற்கும் மண் இது. பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் மூலப்பொருள். அது இரவு பகலாகச் சாலையில் ஓடுகிறது. பெரம்பலூர் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் வேறு.

சிக்கல் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இருக்கிறது. வீடு கட்டுகிறவர் ஜல்லியை யூனிட் கணக்கில் வாங்குகிறார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இது கொள்ளளவு. சட்டம் பார்ப்பதோ எடையை. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஜல்லி சுமார் ஒன்றரை டன். ஆக ஒரு யூனிட் நான்கே கால் டன் வரும். 2018இல் வரம்பை உயர்த்திய பிறகும், பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை சரக்கோடு சேர்த்து 28.5 டன்னைத் தாண்டக் கூடாது. வெறும் வண்டியே 11 டன் இருந்தால் ஏற்றலாம் என்பது 17 டன் சொச்சம். நான்கு யூனிட்டோடு கதை முடிந்தது. "ஆறு யூனிட்டா அனுப்புங்க, வாடகை மிச்சம்" என்று போனில் சொல்கிறவர் எட்டு டன் அதிகமாக ஏற்றச் சொல்கிறார். அவருக்கு அது தெரியாது. கிரஷர்காரருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த எட்டு டன் என்ன செய்யும்? வண்டியின் நிறை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. பிரேக் மட்டும் பழையதுதான். நிறுத்த வேண்டிய ஆற்றலெல்லாம் பிரேக் டிரம்மில் வெப்பமாக இறங்க, சூடேறிய பிரேக் பிடி தளர்கிறது. வேகத்தின் கணக்கு இதைவிடக் கொடியது: 40 கிலோமீட்டரில் போன வண்டி 60இல் போனால் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்கு. தொட்டிக்கு மேல் குவித்த சரக்கால் ஈர்ப்பு மையம் மேலே ஏற, வளைவில் வண்டி சாய்கிறது. தார்ப்பாய் போடாததால் வளைவில் சிந்தும் ஜல்லி, பின்னால் வரும் பைக்கின் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வைப் பறிக்கிறது. சாலைக்கு விழும் அடியோ, அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 சதவீதம் கூடுதல் பாரம் என்றால் சேதம் இரு மடங்கு. போட்ட சாலை சீக்கிரமே குழியாவதற்கு மழையை மட்டும் குறை சொல்லும் அதிகாரிகள் இதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தண்டனை ஒன்றும் லேசானதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மேலே சொன்ன எட்டு டன்னுக்கு 36,000. அதிகச் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. எடை போட மறுத்து ஓடினால் 40,000. ஓட்டுநர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் அனுமதித்தவரும் பொறுப்பு. அபராதம் வாங்கிக்கொண்டு சரக்கோடு அனுப்பிவிடும் அதிகாரி பாதி வேலைதான் செய்கிறார்.

புகார் எழுதும்போது "லாரிகள் அட்டகாசம்" என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. பதிவெண், இடம், தேதி, நேரம் வேண்டும். லாரியின் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் வெற்று எடையையும் அனுமதித்த மொத்த எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். மனுவை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும், புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் உதவி இயக்குநருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். சரக்கோடு வரும் நடைச்சீட்டில் உள்ள அளவைச் சரிபார்க்க வேண்டியது இரண்டாமவர். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்தால் ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். பதிலில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள்: குறிப்பிட்ட மாதத்தில் எத்தனை வண்டிகள் எடை போடப்பட்டன, எத்தனையில் சரக்கு இறக்கப்பட்டது? 30 நாளில் பதில் வர வேண்டும்.

விபத்தே நடந்துவிட்டால், முதலில் 108. அடுத்து, சரக்கு இறங்குவதற்கு முன் எடை. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். "வண்டியைச் சரக்கோடு எடை மேடையில் நிறுத்தி, எடைச் சீட்டை வழக்கில் சேர்க்க வேண்டும், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையிலும் குறிக்க வேண்டும்" என்று காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. நிற்கும் லாரியைச் சரக்கோடும் பதிவெண்ணோடும் போனில் படமெடுத்து வையுங்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: சரக்கு இறங்குவதற்கு முன்.

முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசம். அதற்கு யாரும் காசு கேட்கக் கூடாது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் கையை விரிக்க வேண்டாம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டம் இருக்கிறது. அதன் முதலாம் படிவத்தை வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில், அடையாளச் சான்று, வங்கிப் புத்தக நகல், பிரேதப் பரிசோதனை அல்லது காயச் சான்றோடு கொடுக்க வேண்டும்.

வண்டி தெரிந்திருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே போடலாம். 166ஆவது பிரிவு தரும் அவகாசம் ஆறே மாதம். பேச்சுவார்த்தையில் லாரித் தரப்பு தருவதாகச் சொல்லும் ரொக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த ஆறு மாதம் விபத்து நடந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.