டிராக்டர், சாப்பர், எலும்பு... எல்லாம் ரயில் எஞ்சின்கள்!

குழந்தைகளே! உங்களுக்கு ஒரு விடுகதை. டிராக்டர், ஹெலிகாப்டர், விசில், எலும்பு, கொட்டகை. இந்த ஐந்துக்கும் என்ன சம்பந்தம்?

யோசித்தீர்களா? தெரியவில்லையா? நானே சொல்லிவிடுகிறேன். இவை ஐந்தும் பிரிட்டனில் ஓடிய டீசல் ரயில் எஞ்சின்களின் செல்லப்பெயர்கள்! ரயில்வே அதிகாரிகள் வைத்த பெயர்கள் அல்ல. பிளாட்பாரத்தின் கோடியில் கையில் நோட்டும் பென்சிலுமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் வைத்த பெயர்கள்.

கரும்புகையும் டீசல் நாற்றமுமாக வந்த எஞ்சின்களுக்கு யாராவது செல்லப்பெயர் வைப்பார்களா என்று கேட்கிறீர்களா? வைத்தது மட்டுமல்ல, அவற்றைக் காப்பாற்றத் தங்கள் கைப்பணத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சத்தமே அடையாளம்

அங்கே ஒவ்வொரு வகை எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு. 37 என்ற வகையில் 1960 முதல் 1965 வரை 309 எஞ்சின்கள் செய்யப்பட்டன. அதன் உறுமல் வயலில் உழும் வண்டியின் சத்தம் போல இருந்ததால் 'டிராக்டர்' ஆனது. 20 என்ற வகை, 'டப டப' என்று ஹெலிகாப்டர் போலச் சத்தமிடும். ஹெலிகாப்டருக்கு அங்கே பேச்சுவழக்கில் 'சாப்பர்' என்று பெயர். அதுவே எஞ்சினுக்கும் ஒட்டிக்கொண்டது. 40 என்ற வகை ஓடும்போது விசிலடிப்பது போன்ற ஓசை வரும். அதனால் அது 'விசிலர்'. 50 என்ற வகை காற்றை உறிஞ்சும் சத்தம், வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரம் போலவே இருக்கும். அதற்கு 'ஹூவர்' என்று பெயர்.

58 என்ற வகையோ சத்தத்தால் அல்ல, உருவத்தால் பெயர் வாங்கியது. இரண்டு முனைகளிலும் அகலமான ஓட்டுநர் அறை, நடுவில் ஒடுங்கிய உடல். எலும்புத்துண்டு மாதிரி இல்லை? அதனால் 'எலும்பு'!

இந்த எஞ்சின்களின் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் வரும் வண்டி எது என்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சத்தத்தின் ரகசியம் தெரியுமா? பெரும்பாலான டீசல் ரயில் எஞ்சின்களில், டீசல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அதிலிருந்து வரும் மின்சாரம், சக்கரங்களை ஒட்டியுள்ள மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்கள்தான் சக்கரங்களைச் சுழற்றும். அதனால்தான் கனமான வண்டி கிளம்பும்போது, முதலில் உறுமல் ஓங்கும். வண்டி பிறகுதான் மெல்ல நகரும்.

வில்லனாக வந்த டீசல்

முதலில் இந்த டீசல் எஞ்சின்களைப் பல ரசிகர்களுக்குப் பிடிக்கவே இல்லை!

பிரிட்டனில் ரயில் பார்ப்பது சிறுவர்களின் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. 1942-ல் இயன் ஆலன் என்பவர், எஞ்சின்களின் எண்களை எல்லாம் தொகுத்துச் சிறிய புத்தகமாக வெளியிட்டார். பிறகு இப்படிப் பல புத்தகங்கள் வந்தன. பார்த்த எஞ்சினின் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். தபால்தலை சேர்ப்பது போல, எண்களைச் சேர்த்தார்கள் சிறுவர்கள்.

அப்போது ஓடியவை நீராவி எஞ்சின்கள். 1955-ல் ரயில்வேயை நவீனமாக்க ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. டீசலும் மின்சாரமும் உள்ளே வந்தன. நீராவி எஞ்சின்கள் வரிசையாகக் காயலாங்கடைக்குப் போயின. 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் முக்கிய ரயில் பாதைகளில் நீராவியின் காலமே முடிந்தது. "புகை இல்லை, மூச்சு இல்லை, வெறும் இரும்புப் பெட்டி!" என்று பெரியவர்கள் டீசலைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

ஆனால், அதற்குப் பிறகு பிளாட்பாரத்துக்கு வந்த சிறுவர்கள் நீராவியைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் டீசல்தான். அதையே நேசித்தார்கள். பெரியவர்களுக்கு வில்லனாகத் தெரிந்தது, சிறுவர்களுக்குக் கதாநாயகனாகத் தெரிந்தது!

நிற்காத கூட்ஸ் வண்டி

அந்தச் சிறுவர்களுக்குப் பயணிகள் வண்டியைவிடக் கூட்ஸ் வண்டி வந்தால் இன்னும் கொண்டாட்டம். எந்த எஞ்சின் இழுத்து வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே!

அங்கே அதிகம் ஓடியவை நிலக்கரி வண்டிகள். சுரங்கத்திலிருந்து மின் நிலையத்துக்குக் கரியைக் கொண்டுபோக, 1960-களின் நடுவில் ஒரு புது முறை வந்தது. அதற்குப் பெயர் 'குடை ராட்டினம்'! ஏன் தெரியுமா? ராட்டினம் போலவே அந்த வண்டியும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சுரங்கத்தில் உயரமான கரித் தொட்டிக்கு அடியில் வண்டி ஆமை வேகத்தில் ஊர்ந்துபோகும். மேலேயிருந்து கரி கொட்டும். மின் நிலையத்திலும் அதே ஆமை வேகம்தான். பாதை ஓரத்திலுள்ள கருவி, ஒவ்வொரு வேகனின் அடிக்கதவையும் தானாகத் திறந்துவிடும். கரி கீழே கொட்டிவிடும். வண்டி அப்படியே வளைந்து மறுபடி சுரங்கத்துக்குக் கிளம்பும். பல நூறு டன் கரியை ஏற்றி இறக்க, வண்டியை நிறுத்தவே வேண்டாம்!

ஆனால் கனமான வண்டியை அவ்வளவு மெதுவாக, ஒரே சீராக ஓட்டுவது லேசான காரியமா? அதற்கென்றே சில எஞ்சின்களில் தனிக் கருவி பொருத்தினார்கள். நமது 'சாப்பர்' எஞ்சின்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து கரி வண்டிகளை இழுத்தன. அவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே ஓட்டுநர் அறை உண்டு. அதனால் இரண்டை மூக்கோடு மூக்கு வைத்து இணைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஓட்டுநர் முன்னால் இருப்பார். நல்ல யோசனை, இல்லையா?

22-ல் 6

இந்த எஞ்சின்களிலேயே பெரும்புகழ் பெற்றது 'டெல்டிக்'. 1961, 1962-ஆம் ஆண்டுகளில் 22 எஞ்சின்கள் வந்தன. பழைய 55 நீராவி எஞ்சின்கள் செய்த வேலையை இந்த 22-ம் செய்தன! லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோ வரை, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை பறந்தன.

கடற்படையின் வேகப் படகுகளுக்காக உருவான எஞ்சின், இதற்குள் இரண்டு இருந்தது. அதன் சிலிண்டர்கள் முக்கோணமாக அமைந்திருக்கும். தலைகீழாக வைத்த 'டெல்டா' என்ற கிரேக்க எழுத்தைப் போல இருந்ததால் 'டெல்டிக்' என்ற பெயர் வந்தது. இரண்டு எஞ்சினும் சேர்ந்து 3,300 குதிரைத்திறன்! சில டெல்டிக்குகளுக்குப் புகழ்பெற்ற பந்தயக் குதிரைகளின் பெயர்களையே வைத்தார்கள்.

இருபது ஆண்டுகள் ஓடின. அதைவிட வேகமான புது ரயில்கள் வந்தன. 1982 ஜனவரி 2-ம் தேதி டெல்டிக்கின் பிரியாவிடைப் பயணம் நடந்தது. அடுத்து என்ன? பேரீச்சம்பழத்துக்குப் போடும் பழைய இரும்பு போல, டான்காஸ்டர் பணிமனையில் வெட்டித் துண்டாக்க வேண்டியதுதான்.

ஆனால், இப்படி ஒரு நாள் வரும் என்று சிலர் முன்பே யோசித்திருந்தார்கள். 1977-லேயே ஒரு சங்கம் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்தார்கள். 1982-ல் இரண்டு எஞ்சின்களை விலைக்கு வாங்கினார்கள். பிறகு மூன்றாவதையும் வாங்கினார்கள். வேறு சிலரும் வாங்கினார்கள். யார்க் நகரின் தேசிய ரயில் அருங்காட்சியகமும் ஒன்றை எடுத்துக்கொண்டது. இப்படி 22-ல் 6 தப்பின. மற்ற 16-ம் வெட்டுப்பட்டன.

வாங்கினால் மட்டும் போதுமா? ஏறத்தாழ 100 டன் எடையுள்ள இயந்திரம் ஆயிற்றே! விடுமுறை நாட்களில் வந்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, வண்ணம் பூசிப் பாதுகாத்தார்கள். அப்படிக் காப்பாற்றியதில் 'ராயல் ஸ்காட்ஸ் கிரே' என்ற எஞ்சின் 1996-ல் மறுபடியும் முக்கியப் பாதையில் ஓடியது. 2011-ல், தனது 50-வது வயதில், ஒரு கூட்ஸ் வண்டியை இழுக்கும் வேலைக்கே போனது! அலுமினியம் செய்ய உதவும் அலுமினாத் தூளை, பிளைத் துறைமுகத்திலிருந்து லைன்மவுத் ஆலைக்கு இழுத்துச் சென்றது. இளம் வயதில் பயணிகளோடு பறந்த எஞ்சின், முதிய வயதில் மூட்டை தூக்கியது. பார்க்க வந்த ரசிகர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!

கடைசிக் கரி வண்டி

விடுகதையில் 'கொட்டகை' என்று ஒன்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? அது 66 என்ற வகை. 1998-ல் கனடாவிலிருந்து வந்து இறங்கியது. அதன் முகடு தகரக் கொட்டகை போல இருந்ததால் அந்தப் பெயர். அது வந்ததும் பழைய டிராக்டர்களுக்கும் எலும்புகளுக்கும் வேலை போயிற்று. டீசல் ரசிகர்களுக்கு வந்ததே கோபம்! "இதுவும் ஒரு எஞ்சினா? எல்லாம் ஒரே மாதிரி!" என்று முகம் சுளித்தார்கள். அன்று நீராவி ரசிகர்கள் செய்ததையே இவர்களும் செய்தார்கள்.

பிறகு சுரங்கங்கள் மூடின. மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. கரிப்புகை பூமியைச் சூடாக்குகிறது என்பதால் அது நல்லதுதான். 2024 ஜூன் மாதம், ராட்கிளிஃப் மின் நிலையத்துக்குக் கடைசிக் கரி வண்டி போனது. செப்டம்பர் 30-ம் தேதி அந்த நிலையமும் நின்றது. பிரிட்டனில் 142 ஆண்டுகள் நடந்த கரி மின்சாரம் அத்துடன் முடிந்தது.

அந்தக் கடைசி வண்டியை இழுத்து வந்தது எது தெரியுமா? எல்லோரும் கேலி செய்த அந்தக் 'கொட்டகை'தான்! அன்று அலுப்புத் தட்டிய எஞ்சின், இன்று ஒரு காலத்தின் கடைசிச் சாட்சி.

குழந்தைகளே, தினமும் பார்ப்பதை நாம் உற்றுப் பார்ப்பதில்லை. 'இது எங்கே போய்விடப் போகிறது?' என்று இருந்துவிடுகிறோம். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அது இருக்காது. டெல்டிக் எஞ்சின்களைக் காப்பாற்றியவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல. அது இருக்கும்போதே உற்றுப் பார்த்தவர்கள், எண்ணைக் குறித்தவர்கள், போவதற்கு முன்பே யோசித்தவர்கள்.

அடுத்த முறை லெவல் கிராசிங்கில் நீளமான கூட்ஸ் வண்டி போகும்போது, 'எப்போது கேட்டைத் திறப்பார்கள்?' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எஞ்சினின் எண்ணைப் பாருங்கள். எத்தனை வேகன், உள்ளே என்ன சரக்கு என்று எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மட்டும் போகக்கூடாது. கேட்டுக்கு இப்பால் நின்றே பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த எஞ்சினுக்கு நீங்கள் என்ன செல்லப்பெயர் வைப்பீர்கள்?