பரணில் கிடக்கும் பழைய டிவி எங்கே போகிறது?

நோன்பு நெருங்கும்போது வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வது நம் குடும்பங்களின் வழக்கம். அப்போது பரணிலிருந்தும் பீரோவின் அடித்தட்டிலிருந்தும் என்னென்னவோ வெளியே வரும். பழைய பட்டன் போன்கள், உப்பிப்போன பேட்டரி, அறுந்த சார்ஜர் வயர்கள், ஓடாத மிக்ஸி, எரியாத எமர்ஜென்சி விளக்கு. இவற்றுக்குத்தான் மின்னணுக் கழிவு என்று பெயர். நம் வாசலைத் தாண்டியபின் இவை எங்கே போகின்றன, யாரைப் பாதிக்கின்றன, நாம் என்ன செய்யலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்திருக்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். நம் மாநிலத்தில் 2006 முதல் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும், 2011 முதல் கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினிகளும் ஏழை வீடுகளுக்கு எவ்வளவோ உதவின. பழுதாகி மூலையில் கிடப்பவற்றை வெளியேற்றும் காலம் இப்போது வந்திருக்கிறது. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் புதிதும் பழையதும் எவ்வளவு வேகமாகக் கைமாறுகின்றன என்பதைப் பார்க்கலாம். நகரம் வளர வளர இந்தக் குவியலும் வளர்கிறது.

ஒரு போனுக்குள் செம்பு, அலுமினியம், மிகச் சிறிதளவு தங்கம், வெள்ளி எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் பழைய பொருளுக்கும் விலை கிடைக்கிறது. ஆனால் நஞ்சும் கூடவே இருக்கிறது. பழைய பெட்டி டிவியின் கண்ணாடிக் குழாயிலும், பழைய சர்க்யூட் போர்டின் பற்றவைப்பிலும் ஈயம் உண்டு. டியூப்லைட், சி.எஃப்.எல். விளக்குகளில் பாதரசம் உண்டு. சிலவகை பேட்டரிகளில் காட்மியம் உண்டு. பொருள் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலும் ஆபத்தில்லை. உடைக்கும்போதும் எரிக்கும்போதும்தான் நஞ்சு வெளியே வருகிறது.

முறையற்ற இடங்களில் அதுதான் நடக்கிறது. வயருக்குள் இருக்கும் செம்பை எடுக்க, மேலிருக்கும் பிளாஸ்டிக்கைத் தீயிட்டுக் கொளுத்துகிறார்கள். அந்தக் கரும்புகையில் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. சர்க்யூட் போர்டிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அமிலத்தில் ஊறவைத்து, மிச்ச அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். டிவியிலிருக்கும் செம்புக்கம்பியை உருவிக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடியைக் காலி மனையில் கொட்டிவிடுகிறார்கள். மழை பெய்தால் அது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்குகிறது.

இதில் முதலில் பாதிக்கப்படுபவர்கள் குழந்தைகள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது வளரும் மூளையைத் தாக்கி, படிப்புத் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. கர்ப்பிணித் தாயின் உடலில் சேர்ந்தால் வயிற்றிலுள்ள சிசுவையும் எட்டுகிறது. எந்தத் தெருவில் வயர் எரிகிறதோ, அந்தத் தெருவில் விளையாடும் பிள்ளை மூச்சு விட்டே இதை வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் பழைய சாமான் வியாபாரிகளை ஒதுக்கிவிட வேண்டுமா? அது நியாயமாகாது. சென்னையில் இந்தக் கடைகளைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றும் நம் சொந்தபந்தங்களில் பலருக்கு இந்தத் தொழில்தான் சோறு போடுகிறது. நகரத்தின் குப்பையில் பெரும்பங்கை மீட்டுத் தருபவர்களும் இவர்களே. வாங்கி விற்பதில் தவறில்லை. எரிப்பதும் அமிலத்தில் போடுவதும்தான் கேடு. முதலில் கெடுவது அந்த வேலையைச் செய்பவரின் நுரையீரல்தான். தொழிலில் இருக்கும் சகோதரர்கள் பொருளை உடைக்காமல் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொருளைத் தயாரித்த நிறுவனங்களுக்கும் மறுசுழற்சியில் பொறுப்பு உண்டு. குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படத்தைச் சார்ஜரில் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் குப்பையில் போடாதே என்பது அதன் பொருள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இவை:

முதலில், பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள். நன்றாக ஓடும் போனையோ மடிக்கணினியையோ பரணில் போடாமல் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அது சதக்காவாகவும் அமையும்.

கொடுக்கும் முன் சிம், மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கு, வாட்ஸ்அப், பணப் பரிமாற்றச் செயலிகளிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். குடும்பப் பெண்களின் படங்களும் வங்கி விவரங்களும் அந்நியர் கைக்குப் போகக் கூடாது.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள். டியூப்லைட்டை உடைக்காமல் அட்டையில் சுற்றி வையுங்கள்.

குப்பை வண்டியில் போடும்போது மட்கும் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று தெரியாவிட்டால், சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்கலாம்.

ஒரு வீட்டிலிருந்து இரண்டு போன் என்றால் எந்த நிறுவனமும் வண்டி அனுப்பாது. ஒரு மஹல்லாவே சேர்ந்து கொடுத்தால் வந்து எடுத்துச் செல்வார்கள். ஆகவே தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, ஒரு பெட்டி வைத்துச் சேகரிக்கலாம். காயலான் கடையில் கிடைப்பதைவிடப் பத்து இருபது ரூபாய் குறையலாம். யாரோ ஒரு பிள்ளை சுவாசிக்கும் காற்றுக்காக அந்த இருபது ரூபாயை விட்டுக்கொடுப்பது நமக்குப் பெரிதல்ல. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் தர்மம் என்று கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். இந்த நோன்புக்கு முன், பரணிலிருந்தே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.