டீம் போட்டாச்சா? கணக்கு யார் பக்கம்?

ஐபிஎல் சீசன் வந்தால் போதும், வேலம்பாளையம் பனியன் கம்பெனிகளில் டீ டைம் பேச்சே ‘டீம் போட்டாச்சா?’ என்றுதான் இருந்தது. 2025 ஆகஸ்ட் 22-ல் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததும், ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. ஆனாலும் ஒரு நம்பிக்கை மட்டும் பலரிடம் மிச்சம் இருக்கிறது: ‘கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டு ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம்!’

உண்மையா? கணக்கையே கேட்போம்.

டப்பாவும் சீட்டும்

சிமுலேஷன் பெரிய மந்திரம் இல்லை. ஒரு வீரர் கடைசி 20 ஆட்டங்களில் எடுத்த புள்ளிகளை 20 சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். 22 வீரர்களுக்கு 22 டப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எடுத்தால் ஒரு கற்பனை மேட்ச் முடிந்தது. சீட்டுகளைத் திரும்பப் போட்டு மறுபடி எடுங்கள். இதையே கம்ப்யூட்டர் பத்தாயிரம் தடவை செய்து, எந்த டீம் எத்தனை முறை முந்தியது என்று எண்ணிச் சொல்கிறது.

1946-ல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாகச் சீட்டு ஆடியபோது உதித்த யோசனை இது. அதற்குச் சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரையே வைத்தார்கள்.

ஆறு பேர், 12 சதவீதம்

அமெரிக்காவில் கோல்ஃபுக்கும் இப்படி டீம் போடுகிறார்கள். ஆறு வீரர்களைத் தேர்வு செய்ய வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியவர்கள் வெளியேறிவிடுவார்கள். ஒவ்வொரு வீரரும் தப்பிக்க 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் தப்பிக்கும் வாய்ப்பு? வெறும் 12 சதவீதம்தான். தனித்தனியே கில்லாடிகள், சேர்த்துப் பார்த்தால் சந்தேகம்!

கிரிக்கெட்டில் 22 பேரிலிருந்து 11 பேரை 7,05,432 விதமாக எடுக்கலாம். கேப்டன், வைஸ் கேப்டனையும் மாற்றிப் பார்த்தால் 7.75 கோடியைத் தாண்டும். விதிமுறைகள் சிலவற்றைக் கழித்தாலும் மலைதான். சரி, சிமுலேஷன் நல்ல டீமைக் காட்டிவிட்டது என்றே வையுங்கள். அதே கணக்கை ஆயிரம் பேர் போட்டால் ஆயிரம் பேருக்கும் அதே டீம்தான் வரும். பரிசையும் பங்கு பிரிக்க வேண்டியதுதான்.

அந்த ஏழரை ரூபாய்

உதாரணத்துக்கு, 100 பேர் தலைக்கு 50 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 5,000. நடத்துபவர் 750 எடுத்துக்கொண்டு 4,250 ரூபாயைப் பரிசாகத் தருகிறார். சராசரியாக ஒருவருக்குத் திரும்புவது 42 ரூபாய் 50 பைசா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏழரை ரூபாய் நஷ்டம். பெயருக்கேற்ற ஏழரை!

அடுத்தவரைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. இந்த ஏழரையையும் தாண்ட வேண்டும். ஜெயித்தாலும் நிகர லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒருவர் தோற்றாலும் ஜெயித்தாலும் நடத்துபவரின் 750 மட்டும் நிச்சயம். சனிக்கிழமை சம்பளத்தில் வாரம் 200 ரூபாய் போனால், வருஷத்துக்கு 10,400 ரூபாய் புழங்குகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவில் ஒரு பகுதி அது.

நம் ஊர்க் கணக்கு

நிகழ்தகவு திருப்பூருக்குப் புதிதல்ல. ஏற்றுமதி கம்பெனியில் ஏக்யூஎல் பார்ப்பவரைக் கேளுங்கள். 1,000 பீஸ் லாட்டில் 80 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 2.5 அளவுகோலில் 5 பீஸ் வரை டேமேஜ் இருந்தால் பாஸ். 6 வந்தால் ஃபெயில். நூற்றுக்குப் பத்து பீஸ் பழுதான லாட் இதில் தப்பும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. நஷ்டத்தைத் தடுக்க உதவும் கணக்கு இது. பந்தயத்தில் அதே கணக்கு, நடத்துபவரின் கல்லாவைக் காக்கிறது.

புதிய சட்டப்படி பண விளையாட்டு நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ‘பணம் கட்டி ஆடலாம்’ என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

டீம் போடும் ஆசை இருக்கிறதா? பிள்ளைகளோடு டப்பாவும் சீட்டும் எடுத்து உட்காருங்கள். காசு போகாது, கணக்கு வரும்.