பூமலையும் பால்மரமும்

மரஞ்செறிந்த நிலத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. கா, சோலை, பொழில், தண்டலை, நந்தவனம் என அவை விரியும். பூ நிறைந்த கா பூங்கா எனப்பட்டது. ஆயின், சிங்கப்பூர்த் தமிழர் தம் நகரின் பழம்பெரும் பூங்காவிற்கு வழங்கும் பெயர் இவை அனைத்தினும் வேறானது. 'பூமலை' என்பதே அப்பெயர். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் டங்ளின் நிலப்பகுதியில், சரிவெங்கும் செடியும் கொடியும் மலர்ந்து நிற்பதைக் காண்போர் அப்பெயரின் பொருத்தத்தை எளிதில் உணர்வர். இன்று அங்குள்ள பெருவிரைவு ரயில் நிலையத்தின் தமிழ்ப் பெயரும் அதுவே.

பூமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் காலாற நடக்கவும், காற்று வாங்கவும், குழந்தைகளை விளையாடவிடவுமே செல்கின்றனர். அதில் பிழையொன்றும் இல்லை. ஆயினும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருக்கு அவ்விடம் வெறும் பூங்கா அன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிறந்த பல்லாயிரவரைக் கடல் கடந்து வரச் செய்த மரம் ஒன்று, மலாயா மண்ணுக்கு வந்து சேர்ந்த வாயில் அது. அவ்வரலாற்றை அறிந்து அங்கே செல்வது வேறு. அறியாது செல்வது வேறு.

தோட்டம் தோன்றிய முறை

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை 1819இல் நிறுவிய ஸ்டாம்போர்டு ராபிள்ஸ், 1822இல் இன்றைய கேனிங் கோட்டைக் குன்றின் சாரலில் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தார். அதன் பரப்பு ஏறத்தாழ 48 ஏக்கர். சாதிக்காய், கிராம்பு போன்ற விலையுயர்ந்த பயிர்கள் இந்நிலத்தில் விளையுமா என்று காண்பதே அதன் நோக்கம். பொருள் உதவி குறைந்தமையால் 1829இல் அது கைவிடப்பட்டது.

இன்றைய பூமலை 1859இல் தோன்றியது. அதை அமைத்தவர்கள் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார். லாரன்ஸ் நிவன் என்பார் அதன் பாதைகளையும் சரிவுகளையும் ஒழுங்குபடுத்தினார். உறுப்பினர் உலாவவும், மலர்க்காட்சி நடத்தவும், இசை கேட்கவும் உரிய இடமாகவே அது முதலில் விளங்கிற்று. சங்கத்தின் வருவாய் செலவிற்குப் போதாமற் போகவே, 1874இல் அரசாங்கம் தோட்டத்தை ஏற்றது. மறு ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஜேம்ஸ் மர்ட்டன் என்பார் கண்காணிப்பாளராக அனுப்பப்பட்டார்.

இம்மாற்றம் சிறிதன்று. அக்காலத்தில் கியூ தோட்டம் ஆங்கிலப் பேரரசின் பயிர்களுக்கெல்லாம் தலைமையிடமாக இருந்தது. ஒரு கண்டத்துச் செடியை மற்றொரு கண்டத்தில் விளைவித்து வாணிகம் பெருக்குவது அதன் பணிகளுள் ஒன்று. சிங்கப்பூர்த் தோட்டம் அவ்வலையின் ஒரு கண்ணியாயிற்று. 1879இல் பயன்தரு பயிர்களுக்கென்று தனிப்பகுதி ஒன்றும் வடபுறத்தில் ஏற்பட்டது. அழகுக்காகப் பிறந்த தோட்டம் ஆராய்ச்சிக்குரிய தோட்டமாயிற்று.

இருபத்திரண்டு நாற்றுகள்

பால்மரம் எனத் தமிழ்த் தொழிலாளர் அழைக்கும் ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கியூவிற்குக் கொண்டு சேர்த்தார். ரப்பர் விதை எண்ணெய்ப் பசை மிகுந்தது. சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். எனவே, அத்தனை விதைகளில் நூற்றுக்கு நான்கு விழுக்காடுகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது.

சிங்கப்பூருக்கு 1877இல் வந்து சேர்ந்தவை 22 நாற்றுகளே. அவற்றுள் 9 நாற்றுகள் பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குச் சென்றன. மற்றவற்றிற் பெரும்பாலானவை பூமலையில் நடப்பட்டன. மலாயாவில் பின்னர்ப் பல்லாயிரக்கணக்கான ஏக்கரில் பரவிய பால்மரக் காட்டிற்கு, ஒரு மாட்டுவண்டியில் அடங்கத்தக்க இச்சிறு நாற்றுக்கூட்டமும் ஒரு மூலமாயிற்று என்பது எண்ணி வியத்தற்குரியது.

ஆயினும், மரம் வளர்ந்ததே தவிர அதனால் பயன் விளைய ஆண்டுகள் பல சென்றன. அப்போது தோட்ட முதலாளிகளின் நாட்டமெல்லாம் காப்பியின் மேலேயே இருந்தது. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, ரப்பரைப் பயிரிடுமாறு கண்டோரிடமெல்லாம் வற்புறுத்தினார். சட்டைப்பையில் விதைகளை வைத்துக்கொண்டு வழங்கினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பிறர் எள்ளி நகையாடினர். அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896இல் அவர் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். காப்பியின் விலை வீழ்ந்ததும், மோட்டார் வண்டிகளுக்கு ரப்பர்ச் சக்கரம் இன்றியமையாததானதும், நகைத்தவர்களே விதை கேட்டு வந்தனர். 1917க்குள் பூமலையிலிருந்து வெளியே சென்ற விதைகள் 70 இலட்சம்.

கத்தியும் பட்டையும்

ரிட்லியின் தொண்டு விதை வழங்கியதோடு முடியவில்லை. மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி என்பதையும் அவர் பூமலையில் நின்ற மரங்களிலேயே ஆராய்ந்தார்.

பால்மரத்தின் பால் கட்டையில் இல்லை. பட்டையிலுள்ள நுண்குழாய்களில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. புதுப்பட்டையை ஆக்குவது அதுவே. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். கோடரி வளர்படையையும் கிழித்தமையால் மரம் முண்டும் முடிச்சுமாகி, மீண்டும் பால் எடுக்க இயலாத நிலையை அடைந்தது. ரிட்லி கண்ட முறையோ வேறு. பட்டையில் சாய்வாக ஒரு கோடு கீறி, அக்கோட்டின் விளிம்பையே மீண்டும் மீண்டும் மெல்லிய சீவலாகச் சீவுவது அம்முறை. வளர்படைக்கு ஊறு நேராததால், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்தது. மேலும், முதல் நாள் கசிந்த பாலினும் அடுத்தடுத்துச் சீவியபோது மிகுதியாகப் பால் சுரந்தது. நடுவே நேர்க்கோடும் பக்கங்களில் சாய்கோடுகளுமாக மீன்முள் வடிவில் அமைந்த வெட்டு இவ்வாறு பரவிற்று.

இவ்விடத்தில் ஓர் இயற்கை உண்மையும் அறியத்தக்கது. இரவில் வேர் உறிஞ்சும் நீரால் பட்டைக் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். கதிரவன் ஏறியதும் இலைவழியே நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் தளரும். எனவே, வெயில் ஏறுமுன் சீவுதல் வேண்டும். விடியற்காலை இருளில் பிரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றதற்கும், தூங்கும் பிள்ளையைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுத் தாய் நிரைக்கு ஓடியதற்கும் மூலகாரணம் மரத்தின் இவ்வியல்பே. மழை பெய்தால் மங்கில் நீர் கலந்து பால் வீணாகும். ஆதலின், வானம் இருண்டால் தொழிலாளியின் முகமும் இருண்டது.

கடல் கடந்து வந்தோர்

தமிழர் மலாயாவிற்கு வந்தது ரப்பருக்காக மட்டும் அன்று. கரும்பு, காப்பித் தோட்டங்களில் உழைக்கவும், சாலையும் இருப்புப்பாதையும் அமைக்கவும் அவர்கள் முன்னரே வந்திருந்தனர். ஆயினும், அவ்வருகையைப் பெருவெள்ளமாக்கியது ரப்பரே. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுற்றது. கங்காணிகள் தம் ஊர்களுக்குச் சென்று உறவினரையும் அயலாரையும் திரட்டி வரும் முறை அதன்பின்னும் தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறுவதற்குத் தடை விதிக்கும்வரை கப்பல்கள் தொழிலாளரை இறக்கியவண்ணமே இருந்தன.

தமிழ்நாட்டிலே தோட்டம் என்றால் பூவும் காயும் விளையும் இடம். மலாயாத் தமிழரிடையே தோட்டம் என்ற சொல் பால்மரம் நின்ற எஸ்டேட்டையே குறிக்கலாயிற்று. தோட்டத்து லயம், தோட்டத்துக் கோயில், தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று ஒரு வாழ்வு முழுவதும் அச்சொல்லைச் சுற்றி அமைந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிவயதுக் குழந்தைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டுமென்று நிருவாகத்தாரைக் கடமைப்படுத்தியது. இன்று அத்தோட்டங்கள் பல, செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மரங்கள் மறைந்தபின்னும் மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரிலும் செம்பவாங், மண்டாய் வட்டாரங்களில் முன்னர் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன.

காணத்தக்கவை

இனி, பூமலைக்குச் செல்வோர் காணத்தக்கவற்றைக் கூறலாம். ஆண்டு முழுதும் அதிகாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை அது திறந்திருக்கும். தேசிய ஆர்க்கிட் தோட்டம் நீங்கலாகப் பிற இடங்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 82 ஹெக்டர். வெயில் ஏறுமுன் செல்வது நலம்.

டங்ளின் வாயில் வழியே நுழைவோர் முதலில் அன்ன ஏரியைக் காண்பர். அது 1866இல் வெட்டப்பட்டது. மேட்டின்மேல் நிற்கும் எண்கோண இசை மண்டபம் 1930இல் எழுந்தது. அதற்கப்பால், தரைக்கு இணையாகப் பெருங்கிளை ஒன்றை நீட்டி நிற்கும் தெம்புசு மரம் தோட்டத்தினும் மூத்தது. சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் பொறிக்கப்பட்டது அம்மரமே. பனையினங்கள் வளரும் பள்ளத்தாக்கை அடுத்து ஏறத்தாழ 6 ஹெக்டர் மழைக்காடு உள்ளது. நகரம் எழுமுன் இத்தீவு எவ்வாறு இருந்தது என்பதற்கு எஞ்சிய சான்று அது.

தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1995இல் திறக்கப்பட்டது. ஆர்க்கிட் விதை தூசினும் நுண்ணியது. உணவுச் சேமிப்பு இல்லாதது. எரிக் ஹோல்ட்டம் என்னும் அறிஞர் 1920களின் இறுதியில் சத்துக்கூழ் நிறைந்த கண்ணாடிக் குடுவைகளில் அவ்விதைகளை முளைக்கச்செய்து, புதிய கலப்பினங்களை உருவாக்கினார். ஏக்னஸ் ஜோவாக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணியின் பெயர் தாங்கிய வாண்டா மலரை 1893இல் அறிவுலகிற்கு அறிவித்தவர் ரிட்லி. 1981இல் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. ஹோல்ட்டம் பெயரால் அமைந்த மாளிகையில் உள்ள அரும்பொருட்காட்சி பூமலையின் வரலாற்றை விளக்குகிறது. 2015இல் யுனெஸ்கோ பூமலையை உலக மரபுடைமையாக ஏற்றது. வெப்பமண்டலத் தாவரத் தோட்டங்களுள் அச்சிறப்பைப் பெற்ற முதல் தோட்டம் அது.

செடிவீட்டுப் பகுதியிலுள்ள சில படிகளில் அம்புக்குறி பதித்த செங்கற்கள் உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்தவை அவை. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். கைதிகள் தம் கைக்குறியைக் கல்லில் விட்டுச் சென்றனர். பால்மரம் சீவிய கைகளோ தம் குறியைப் பட்டையில் மட்டுமே விட்டன. பட்டை வளர்ந்து அதனையும் மூடிவிட்டது.

ஆசிரியர் ஆற்றத்தக்க பணி

மாணவரைப் பூமலைக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர் மூன்று செயல்களைச் செய்தல் நலம். முதலாவது, செடிகளின் பெயர்ப்பலகையைப் படிக்கச்செய்து, தமிழ்ப் பெயர் உள்ளவை எவை, பிறநாட்டிலிருந்து வந்தவை எவை என்று பகுக்கச் சொல்லலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயரைத் தொகுத்துத் தந்திருப்பதை அப்போது எடுத்துக்காட்டினால், பெயரறிவும் இலக்கிய அறிவும் ஒருங்கே வளரும். இரண்டாவது, பால்மரத்தின் முன் நிறுத்தி, பட்டை, வளர்படை, பால் ஓட்டம் ஆகியவற்றைத் தமிழிலேயே விளக்கலாம். அறிவியலைத் தமிழில் கூற இயலும் என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

மூன்றாவதே தலையாயது. நிரை, மங்கு, பிரட்டு, லயம், ஒட்டுப்பால் முதலிய சொற்களை அறிந்த முதியோர் இன்னும் பல குடும்பங்களில் உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு மாணவரைப் பணித்தல் வேண்டும். அச்சொற்களின் பொருளை அகராதியில் முழுமையாகக் காண்டல் அரிது. பேசுவோர் மறைந்தால் சொல்லும் மறையும். சொல் மறைந்தால் அவ்வாழ்வும் மறதிக்குள் ஆழும்.

ரிட்லியின் பெயரை ஒரு மாளிகை தாங்கி நிற்கிறது. அதற்கு அவர் முற்றிலும் உரியவர். 1956இல் தம் நூறாம் அகவையில் மறைந்த அப்பெரியார் விதைத்தது விதை. அவ்விதை பொன்னாக விளைந்தது, பெயரறியாத பல்லாயிரம் கைகளின் உழைப்பால் அன்றோ? அவர்தம் கதையைப் பூமலையின் நிழலில் நின்று பேரப்பிள்ளைகளுக்கு உரைப்பது தமிழாசிரியரின் நீங்காக் கடமையாகும்.